வலிக்காத ஊசி

எங்கள் பக்கத்தில் வலிக்காத ஊசிக்கு மரியாதை கிடையாது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிப் படி இறங்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் "ஆத்தாடி, உசிரு போயிட்டுல்லா வந்துச்சு" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் மருந்து ஏறியதாக அர்த்தம். வலிக்கவில்லை என்றால் தொலைந்தது. "தண்ணி ஊசி போட்டு ஏமாத்திட்டாவ" என்று அவள் ஊர் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில், ஆபரேஷனுக்குப் படுக்கிறவர்களுக்கு வலிக்காமல் மயக்க ஊசி போட்டே தீருவேன் என்று ஒரு மனிதர் பிடிவாதம் பிடித்தார். அவருக்கு ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு.

நான் நர்ஸ். அறுபதுகளில் கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை என் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. நோயாளியை அதட்டுவேன், கூட வந்தவர்களை அதைவிட அதட்டுவேன். பஞ்சாலைக்காரர், தீப்பெட்டிக் கம்பெனிக்காரர், கரிசல் காட்டில் உழுகிற சம்சாரி என்று யார் வந்தாலும் எனக்கு ஒரே குரல்தான். அந்தக் குரல் ஒரே ஒரு ஆளிடம்தான் எடுபடாமல் போனது. அது என் அக்கா. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகையும்.

முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாம் ஈதர்தான். கம்பி வலைமேல் துணியைப் போட்டு முகத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாக ஊற்றுவோம். மூச்சு முட்டி ஆள் துள்ளுவார். மூட்டை தூக்கிய உடம்பு, உழுத உடம்பு. நாலு பேர் பிடித்தாலும் நிற்காது. ஒருமுறை கயத்தாறு பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் துள்ளிய துள்ளலில் என் மூக்குக் கண்ணாடி தெறித்துச் சுவரோரம் விழுந்தது. பிறகு நரம்பில் போடுகிற தூக்க மருந்து வந்தது. சின்னக் குப்பியில் வெளிர்மஞ்சள் பொடி. அதைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து நரம்பில் ஏற்றினால், பேசிக்கொண்டிருக்கிறவர் பேச்சு முடியும் முன்னே தூங்கிவிடுவார். அதற்கப்புறம் ஈதர் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கண் மூடுகிற நேரத்தில் பலரும் "பூண்டு வாசம் வருதே" என்பார்கள். அது அந்த மருந்தின் குணம்.

மயக்கம் கொடுக்கிற டாக்டர் திருநெல்வேலியிலிருந்து வருவார். ஆபரேஷன் வைத்திருக்கிற நாளில் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒல்லியான மனிதர், சிரித்த முகம், எப்போதும் கசங்கிய சட்டை. மருந்தை ஆரம்பத்தில் கெட்டியாகத்தான் கரைத்துக்கொண்டிருந்தோம். புறங்கையில் தெரிகிற நரம்பில் குத்துவார். குத்துவது எளிது. ஆனால் மருந்து ஏறும்போது எரியும். குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்த ஒரு பஞ்சாலைத் தொழிலாளி, "ஐயோ, கையில கங்க வச்சுட்டாவளே" என்று அலறிக் கையை இழுத்துவிட்டார். மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்து, தோல் கறுத்து, புண்ணாகிவிட்டது. குடலிறக்கம் ஆறிப்போனது, புறங்கை ஆறவில்லை. டாக்டர் ஒவ்வொரு தடவை வரும்போதும் வார்டுக்குப் போய் அந்தக் கையைத்தான் முதலில் பார்ப்பார். அவர் சிரிப்பு கொஞ்ச நாள் காணாமல் போனது.

"சிஸ்டர், தூங்கப் போற மனுசனுக்குக் கடைசியா மனசுல நிக்கிறது வலியா இருக்கலாமா? சிரிச்சுக்கிட்டுல்ல போகணும்" என்றார் ஒருநாள்.

அதற்கப்புறம் எனக்குப் பிடித்தது சனி. ஊசி முனையைச் சாணைக் கல்லில் எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்ததைப் பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு இழை பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தாலும் முனையில் பிசிர் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பவும் கல்லுக்குப் போக வேண்டும். பஞ்சுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? தெருவெல்லாம் பறக்கும். பொறுமைக்குத்தான் பஞ்சம். மருந்தில் தண்ணீரைக் கூட்டி நீர்க்கக் கரைக்கச் சொன்னார். புறங்கையை விட்டுவிட்டு முன்கையில் தடித்த நரம்பாகத் தேடினார். நரம்பு எழும்பி நிற்க, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கையில் சுற்றி வைக்கச் சொன்னார். குத்துகிற இடத்தில் முதலில் மயிரிழை போன்ற ஊசியால் மரத்துப்போகிற மருந்தைத் துளி போட்டுத் தோலைக் கடுகளவு எழுப்புவார். அது எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான். பெரிய ஊசி போனது நோயாளிக்கே தெரியாது. அப்புறம் மருந்தை மெதுவாக, பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுகிற மாதிரி மெதுவாக ஏற்றுவார்.

முதல் கொஞ்சம் ஏற்றியதும் நிறுத்திவிட்டு "வலிக்குதா?" என்று கேட்பார். அது உபசாரத்துக்குக் கேட்பதில்லை. ஊசி தப்பித் தவறி நாடி துடிக்கிற குழாய்க்குள் போயிருந்தால் விரல் நுனி வரைக்கும் சுரீர் என்று இழுக்கும். அப்படியே விட்டால் கையே போய்விடும். வலி என்று சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். எங்கள் சனத்துக்கு இது எங்கே தெரியும்? டாக்டர் இவ்வளவு தூரம் வந்து ஊசி போடுகிறார், வலிக்கவில்லை என்று சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று, "ஆமாய்யா, நல்லா வலிக்கி" என்று மரியாதைக்குச் சொல்லிவைப்பார்கள். டாக்டருக்கு வேர்த்துக் கொட்டிவிடும். ஊசியை உருவிவிட்டு, கையைத் தடவிப் பார்த்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, "நிஜமாவே வலிக்குதாய்யா?" என்றால், "ச்சே, இல்லைங்கய்யா. கொசு கடிச்ச மாதிரி கூட இல்லை" என்று இளிப்பார்கள். தீப்பெட்டிக் கம்பெனி அண்ணாச்சி ஒருவர் ஆபரேஷன் முடிந்து மறுநாள் என்னைக் கூப்பிட்டு, ரகசியமாக, "ஊசி கொஞ்சங்கூட வலிக்கலியேம்மா, மருந்து பழசாப் போச்சோ?" என்று கேட்டார். வயிற்றைக் கிழித்துத் தைத்தது வரைக்கும் தெரியாமல் தூங்கிய மனிதர் கேட்கிற கேள்வி! நான் அவரை விட்டேனா என்று கேட்காதீர்கள்.

அதனால் படுக்க வைக்கும் முன்பே ஒவ்வொருவரையும் பயமுறுத்தி வைப்பது என் வேலையாயிற்று. "வலிச்சா வலிக்கிதுன்னு சொல்லணும், வலிக்காட்டா வலிக்கலைன்னு சொல்லணும். மரியாதைக்குப் பொய் சொன்னீய, நான் பொல்லாதவளாயிருவேன்" என்பேன். பொல்லாதவளாக இருப்பது எனக்குக் கஷ்டமில்லாத காரியம். பயந்துபோய் உண்மையைச் சொன்னார்கள்.

இனி அக்கா.

அக்காவை விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. வானம் பார்த்த பூமி. மிளகாயும் பருத்தியும் கம்பும். அத்தான் நல்ல மனிதர், வாயே திறக்க மாட்டார். கல்யாணமாகி வருஷக் கணக்காகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தானுக்கு இன்னொரு கல்யாணம் பேச அவர் வீட்டார் கூடி உட்கார்ந்தபோது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து காட்டுக்குப் போய்விட்டாராம். அதை அக்கா சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பெருமையும் அந்த வருத்தமும் ஒரே முகத்தில் எப்படி இருந்தன என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தானின் நைந்துபோன வேட்டிகளை அக்கா கரித்துணியாக்க விடமாட்டாள். பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில்தானே சுற்றுவது. புதுத் துணி உடம்பை உறுத்தும். துவைத்து, வெயிலில் போட்டு, சதுரமாக மடித்து, தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பாள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டுவாள். "தொட்டுப் பாரேன்ட்டி, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்பாள். நானும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பேன்.

அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்து நெடுநாள் ஆகியிருந்தது. மறைத்து வைத்திருந்தாள். மாதத்தில் பாதி நாள் அப்படியே போகும். முகம் சுண்ணாம்பாக வெளுத்து, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கி நிற்கிற நிலையில்தான் அத்தான் அவளை வண்டி கட்டி, பஸ் ஏற்றிக் கூட்டி வந்தார். டாக்டரம்மா பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி. கட்டியை மட்டும் எடுக்க முடியாது, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் ரத்தம் போயே உயிர் போய்விடும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் அக்கா இன்னொரு கோடையைத் தாங்க மாட்டா. நீ எப்படியாவது சம்மதிக்க வை" என்றார். அக்காவிடமும் எதையும் மறைக்கவில்லை. இனிமேல் பிள்ளை கிடையாது என்பதையும் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் படுக்கையைப் பார்த்தால் ஆள் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். "மொளகாப் பழம் களத்துல காயுதுட்டி. மழை வந்துருச்சுன்னா எல்லாம் போச்சு" என்றாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரிசல் மண்ணில் வெடித்த வெடிப்புக்குள் கோழிக்குஞ்சு விழுந்தால் எடுக்க முடியாது. இதில் எந்த மழை? நான் நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன். அவள் என் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டாம் முறை அத்தான் கெஞ்சிக் கூட்டி வந்தார். ரத்தம் ஏற்றிக் கொஞ்சம் தேற்றினோம். அப்போது சொன்னாள், ஊசிக்குப் பயம் என்று. எனக்கு உடனே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். முன்பு காய்ச்சலுக்கு எவனோ போட்ட ஊசி பழுத்துச் சீழ் வைத்து அவள் உட்கார முடியாமல் கிடந்தாள். நான்தான் கீறிக் கட்டினேன். "இடுப்புல போட்ட ஊசிக்கே அந்தப் பாடு. நரம்புல போட்டா நான் செத்துருவேம்ட்டி" என்றாள். அட, இதுதானா விஷயம்! இதற்குத்தான் நம் டாக்டர் இருக்கிறாரே, இதற்குத்தானே கல்லில் ஊசியைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் தேய்ந்துபோய்க் கிடக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

டாக்டர் வந்த அன்று அக்காவை அறைக்குள் உட்கார வைத்து, அவள் கண் முன்னாலேயே என் கையை நீட்டினேன். வெந்நீர்த் துணி சுற்றி, மரத்துப்போகிற மருந்து போட்டு, டாக்டர் என் நரம்பில் வெறும் உப்புநீரை ஏற்றினார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். "பாத்தியா? ஒண்ணுமே தெரியலை."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ ஆஸ்பத்திரிக்காரி. உன் தோலு பழகிப்போன தோலு" என்றாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு அன்றைக்குக் காப்பி கூட வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆனாலும் அக்கா அந்த முறை ஓடவில்லை. அத்தான் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, எப்போதும் பேசாத மனிதர், "நீ இருந்தா போதும்" என்று மூன்றே வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். திரும்பாமலே, "சரி" என்றாள்.

ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் பழைய மெத்தென்ற துணி கொண்டுவரச் சொல்வது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். அத்தானிடமும் சொல்லியிருந்தேன். காலையில் அவர் மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அவிழ்த்தால் சதுரமாக மடித்த வேட்டிகள். வீட்டில் கண்ணில் பட்டதை எடுத்து வந்திருக்கிறார், பாவம். நான் மேலே இருந்ததை எடுத்து, கையில் சுற்றுவதற்காக நீளவாக்கில் சர்ரென்று கிழித்தேன். அக்கா அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். துணியையும் என்னையும் பார்த்தாள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, எனக்கு ஆயிரம் வேலை.

மேஜையில் படுக்க வைத்தோம். கண்ணாடி வளையல்களைக் கழற்ற மாட்டேன் என்றாள். மேலே தள்ளி, துணி சுற்றிக் கட்டினேன். வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்து எடுத்தபோது, ரத்தம் வற்றிய அந்தக் கையிலும் ஒரு நரம்பு தலை நீட்டியது. நான் மேற்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்களிடம் சொல்கிற பாடத்தை அவளிடமும் சொன்னேன்: "டாக்டர் வலிக்குதான்னு கேப்பாவ. உள்ளதைச் சொல்லணும்."

டாக்டர் துளி மருந்து போட்டார். அக்கா முகம் சுளிக்கவில்லை. பெரிய ஊசியும் போயிற்று. நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை கூட அசையவில்லை. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்களே. எத்தனையோ பேருக்குப் பிடித்த கைதான், அன்றைக்குப் பிடியை இன்னும் இறுக்கினேன். டாக்டர் கொஞ்சம் ஏற்றினார். நிறுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லையே" என்றாள் அக்கா. பிறகு குரல் மாறிவிட்டது. "வலிக்கவே இல்லையே. அப்ப மருந்து ஏறலை. எனக்கு மயக்கம் வராது. முழிச்சிருக்கும்போதே அறுத்துருவிய. விடுங்க, நான் போறேன்." சொல்லிக்கொண்டே மற்றக் கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். ஊசி நரம்பில் இருக்கிறது. அசைந்தால் கிழிந்துவிடும், மருந்து வெளியே கசியும், கை கறுத்துவிடும். டாக்டர் அவள் மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு, "அம்மா, அம்மா, படுங்க. வலிக்காமத்தான் போடுதோம், அதான் வலிக்கலை" என்கிறார். "வலிக்காத ஊசி என்ன ஊசி? என் மாமியா சொல்லுவாவ, தண்ணி ஊசின்னு. ஏட்டி, விடச் சொல்லுட்டி. நான் வீட்டுக்குப் போறேன்" என்கிறாள் அக்கா. ஊரெல்லாம் சொல்கிற பைத்தியக்காரப் பேச்சை என் அக்கா, அதுவும் அந்த நேரத்தில் சொல்கிறாள். இன்றைக்குப் போனால் மறுபடி வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவள் மேற்கையைப் பிடித்திருந்தேன் அல்லவா, போர்த்தியிருந்த துணிக்கு அடியில் உள்சதையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"ஆ!" என்றாள். "வலிக்கி."

டாக்டர் மின்சாரம் பட்டவர் போல விரலை எடுத்தார். முகம் வெளிறிவிட்டது. நாடிக்குழாயில் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். நான் அவசரமாகத் தலையை ஆட்டி, என் விரலைக் கண்ணால் காட்டினேன். அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்துணிக்கு மேலே கண் இரண்டும் சிரிப்பில் இடுங்கின.

"வலிக்குதாம்மா? அப்ப ஏறுது" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நேராக, கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தானாகவே தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள். "சரி, ஏத்துங்க" என்றாள். டாக்டர் மெதுவாக ஏற்றினார். "ஏட்டி, பூண்டு வாசம் வருதுட்டி..." என்றாள். அத்தோடு தூங்கிப்போய்விட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா எடுத்ததை நான் பார்க்கவில்லை. தட்டைக் கையில் வாங்கி, மூடி, அந்தப் பக்கம் வைத்தேன். அத்தானிடம் போய்ச் சொன்னபோது அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்து, "என்னத்துக்கு அத்தான் இது, போய்ச் சாப்பிடுங்க" என்று அவரையும் அதட்டினேன்.

அதற்கப்புறம் அக்கா நெடுங்காலம் இருந்தாள். முகத்தில் ரத்தம் ஊறியது, மறுபடி காட்டுக்குப் போனாள், மிளகாய் பறித்தாள், அத்தானைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டாள். அவரை அனுப்பிவிட்டு அவளும் போய்விட்டாள். அவள் போன வயதையும் நான் இப்போது தாண்டிவிட்டேன். என்னை "ஏட்டி" என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆள் இல்லை. அம்மா என்கிறார்கள், சிஸ்டரம்மா என்கிறார்கள், பெரியம்மா என்கிறார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். களத்தில் மிளகாய் காயும் நெடியில் தும்மிக்கொண்டே "ஏட்டி, வந்துட்டியா" என்று அவள் வாசலுக்கு வருவாளே, அந்தக் குரல் வேண்டும். தாளிக்கும்போது பூண்டு பொரிகிற வாசம் வந்தால் இன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். இவ்வளவு ஏங்குவேன் என்று அவள் இருக்கும்போது தெரிந்திருந்தால், விளாத்திகுளம் பஸ்ஸில் மாதத்துக்கு நாலு தரம் ஏறியிருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். தையல் பிரித்த மறுநாள் நடந்தது அது.

அன்றைக்கு அவளை வீட்டுக்கு அனுப்புகிறோம். அதற்குள் வார்டு முழுக்க அக்காவின் ஊசிக் கதை பிரபலம். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவளிடம், "எனக்குப் போட்டாவ பாரு ஊசி, அம்மாடி, என்னா வலி! அதான் மருந்து அப்படிப் பிடிச்சுக்கிட்டு" என்று அவள் அளந்ததில், அந்தம்மாவும் தனக்கு அதே ஊசிதான் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், உங்க கையில நகம் இருக்குல்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்து, பின்னால் நின்று தலை சீவிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். "எக்கா, அது ஊசி இல்லை. நான்தான் கிள்ளுனேன். கிள்ளாட்டா நீ அன்னைக்கே ஓடியிருப்ப."

"தெரியும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா?"

"சின்னப் புள்ளையிலருந்து என்னைக் கிள்ளுத கை. உன் நகம் எனக்குத் தெரியாதாக்கும்?"

"பின்ன ஏன் படுத்த? ஊசி வலிச்சிருச்சுன்னுதான நீ படுத்த?"

அவள் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே அத்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஊசிக்கா பயந்தேன்னு நினைச்ச? இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பாத்தா ஒண்ணு தங்கிராதான்னுதான்ட்டி. மொளகான்னு சொன்னேன். ஊசின்னு சொன்னேன். நீ ஒண்ணொண்ணா இல்லாமப் பண்ணிட்ட. சுடுதுணி போட்ட, மரத்துப்போற மருந்து போட்ட. வலிக்கவே இல்லை. சரி, வலிக்கலைங்கதையே சாக்காச் சொல்லி எந்திரிச்சுப் போயிருவோம்னு பாத்தேன். அதையும் நீ கிள்ளி எடுத்துட்ட. உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல என்னத்தச் சொல்லிட்டு எந்திரிக்க? படுத்துட்டேன்."

சீப்பு என் கையில் அப்படியே நின்றது. அக்காதான் பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைத் தட்டினாள்.

"பாதில விட்றாதட்டி. அவுந்துரும்."

நான் பின்னி முடித்தேன்.